இன்னொரு தடவை சொல்லுங்க, மிஸ்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு எப்படியும் காதுக்கு வந்துவிடுகிறது. டிவி சத்தத்தைக் கூட்டினால் மருமகள் முகம் சுளிக்கிறாள், பேரன் போனில் பேசுவது பாதிதான் விளங்குகிறது, காதில் மாட்டிய மிஷின் விசில் அடிக்கிறது என்று ஆளுக்கொரு குறை. போன வாரம் உங்களில் ஒருத்தி, கல்யாண வீட்டில் யாரோ என்னவோ கேட்டதற்குச் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் உங்களுக்கெல்லாம் சீனியர். நீங்கள் அறுபதில் ஆரம்பித்ததை நான் பதினொரு வயதுக்குள் ஆரம்பித்து முடித்தும்விட்டேன். தலையாட்டுவதை எப்படி விட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எல்லாம் ஒரே மழைக்காலத்தில் நடந்தது.

அப்போது நாங்கள், முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பஞ்சாலையில், தறி ஓட்டும் பகுதியில் வேலை. அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்பவர்கள் வாயை அகலமாகத் திறந்து, சத்தம் வராமல், உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. தூரத்தில் இருந்தால் உதட்டால் பேசுவார், பக்கத்தில் வந்தால் கத்துவார். அவரோடு பேசிப் பேசி அம்மாவும் கத்தினாள். நானும் கத்தினேன். சந்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே நாங்கள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

எனக்கு இரண்டு காதிலும் அடிக்கடி சீழ் வரும். அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை. அம்மா இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, அதில் பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, வெதுவெதுப்பாகக் காதில் ஊற்றுவாள். அந்த வாசனை என் தலையணை, பாவாடை, புத்தகப் பை என்று எல்லாவற்றிலும் இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கும்போது காதுக்குள் கடல் புரள்வதுபோல் ஒரு சத்தம் கேட்கும். வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் அம்மா என் தலையைத் தடவிக்கொடுப்பாள். அந்த எண்ணெய்தான் காதை இன்னும் கெடுத்தது என்று பின்னால் தெரிந்தபோது அவள் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது தனிக் கதை.

வீட்டில் எல்லோரும் கத்துவதால் எனக்குக் கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. உலகம் முழுக்க மெதுவாகவும், எங்கள் வீடு மட்டும் சரியாகவும் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் அது வம்பாகிவிட்டது. டீச்சர் ஏதாவது கேட்பார். எனக்கு விளங்காது. "என்னா?" என்பேன். எங்கள் தெருவில் அது சாதாரண வார்த்தை. வகுப்பில் அது திமிர். "யார பாத்து என்னாங்கற?" என்று காதைத் திருகுவார்கள். வலிக்கிற அதே காதை. இரண்டு வருடத்தில் நான் ஒரு பாடம் நன்றாகக் கற்றுக்கொண்டேன்: கேட்காவிட்டால் கேட்காதே, தலையை ஆட்டு. உயரமாக இருந்ததால் கடைசி பெஞ்சு. ஐந்தாம் வகுப்பு முடியும்போது என் பெயரோடு மந்தம் என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆறாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் பாதிப் பாடங்களில் தேறவில்லை. படிப்பு ஏறவில்லை என்றால் அத்தையோடு ஊதுபத்தி உருட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா பேச ஆரம்பித்திருந்தாள். அப்பா அரைப் பரீட்சை வரை பார்க்கலாம் என்று மட்டும் உதட்டால் சொன்னார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் புது இங்கிலீஷ் மிஸ் வந்தார். நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில் வருவார். புடவைக் கரை எப்போதும் ஈரமாக இருக்கும். ரொம்ப மெல்லிய குரல். முதல் நாளே ஒரு பழைய காலண்டரைக் கொண்டுவந்து, தாள்களைத் திருப்பி, பின்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாகப் பட்டையாக எழுதிச் சுவரில் ஒட்டினார். வகுப்பில் மிஸ்ஸிடம் பேசுவதற்கான வாக்கியங்கள். உள்ளே வரலாமா, வெளியே போகலாமா, எழுதி முடித்துவிட்டேன், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இதற்கு எழுத்து என்ன என்று எல்லாம் இங்கிலீஷில் இருந்தன.

பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். அந்த வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டிருந்தார்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. ஒரு வாரத்துக்கு அது உங்க வாக்கியம். தினமும் ஒரு தடவையாவது அத சொல்லணும். தேவையில்லாம சொல்லக் கூடாது, தேவை வர்றப்ப சொல்லணும்" என்றார். இதை எனக்குப் பிறகு சொன்னவள் என் பெஞ்சுத் தோழி. அப்போது நான் வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் "மே ஐ கோ அவுட், மிஸ்" வேண்டும். அது என் பெஞ்சுத் தோழிக்குக் கிடைத்தது. அவள் அன்று மட்டும் நாலு முறை வெளியே போய் வந்தாள். எனக்கு வந்த சீட்டில் இருந்தது, "ஐ பெக் யுவர் பார்டன், மிஸ். ப்ளீஸ் சே இட் அகெய்ன்." அர்த்தம் தெரியவில்லை. தோழிதான் பக்கத்தில் விசாரித்து வந்து என் முகத்துக்கு நேராக வாயை வைத்துச் சொன்னாள். "மன்னிச்சிக்குங்க மிஸ், இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அர்த்தம்டி."

நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்று கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் பாடத்தில் மிஸ் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். சீட்டைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். காதை மூடிக்கொள்ளக் கையும் தயாராக இருந்தது. மிஸ் திட்டவில்லை. "வெரி குட்" என்றார். என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக, கேட்ட கேள்வியை மறுபடி சொன்னார். அவர் வாய் முழுசாகத் தெரிந்தது. எனக்கு விளங்கியது. பதிலும் தெரிந்தது. சொன்னேன்.

அன்று உட்கார்ந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றுவரை எந்தச் சந்தோஷத்தோடும் ஒப்பிட முடியவில்லை. தமிழில் "என்னா" என்று கேட்டதற்கு அடி வாங்கியவள் நான். அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டால் வெரி குட் கிடைக்கிறது.

வீட்டில் அந்த வாக்கியத்தைச் சத்தம் போட்டுப் பழகினேன். நான் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவே அவரை சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய், என்று கூப்பிடும். அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"அது இங்கிலீஷ் இல்ல பாப்பா. எங்க பிரெஞ்சு வார்த்தைய இங்கிலீஷ்காரன் எடுத்துக்கினான். பார்டன் இல்ல, பார்தோன். மூக்கால சொல்லு" என்றார்.

மூக்கால் சொன்னேன். வகுப்பிலும் அப்படியே போய்ச் சொன்னேன். "ஐ பெக் யுவர் பார்தோன், மிஸ்." மிஸ் கையில் இருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாரம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுக்க வேண்டும். நான் என்ன சீட்டு எடுத்தாலும், அந்தப் பழைய வாக்கியம் யாருக்குப் போனதோ அவளிடம் மாற்றிக்கொள்வேன். யாருக்கும் அதன் மேல் ஆசை இல்லை. எனக்கு அதுதான் சாப்பாடு. கணக்கு வகுப்பில் சொன்னேன், அறிவியல் வகுப்பில் சொன்னேன். இங்கிலீஷைக் கேட்டதும் கணக்கு டீச்சர் திகைத்துப்போய், பலகையில் போட்ட கணக்கை எனக்காக முதலிலிருந்து போட்டார். பின்னம் என்பது என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. வாரத் தேர்வில் முதல் முறையாக என் தாளில், தேறாத மார்க்கைச் சுற்றிப் போடும் சிவப்பு வட்டம் இல்லை.

கார்த்திகை மழை வேறு மாதிரி. எங்கள் வகுப்புக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மழை கனத்தால் தலைக்கு மேலே ஆயிரம் பேர் நடப்பதுபோல் இருக்கும். அப்படி ஒரு நாள் மிஸ் பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார். முதுகுதான் தெரிந்தது, வாய் தெரியவில்லை. நான் எழுந்து என் வாக்கியத்தைச் சொன்னேன். திரும்பிச் சொன்னார். மறுபடி பலகைப் பக்கம் போனார். மறுபடி எழுந்தேன். நாலு, ஐந்து, ஆறு தடவை ஆயிற்று. முன் பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது வகுப்பு முழுக்கப் பரவியது. எட்டாவது தடவை எழுந்தபோது மிஸ் என் அருகில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"போதும். ஒரு நல்ல வார்த்தைய கத்துக் குடுத்தா அத வெச்சே கிண்டல் பண்றியா? இனிமே இந்த வாக்கியத்த நீ சொல்லக் கூடாது. நாளைக்கு உங்க அப்பாவ கூட்டிக்கிட்டு வா."

சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கிண்டல் இல்லை மிஸ் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கே காரணம் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மறுநாள் அப்பா காலை ஷிப்ட் முடித்து நேராக வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். மழை அன்றும் விடவில்லை. வராந்தாவில் மிஸ் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் பேசினார்.

"என்னாங்க டீச்சரம்மா?" என்றார் அப்பா.

மிஸ் மறுபடி சொன்னார்.

"காதுல விழலீங்க. என்னாங்க?"

அப்பாவுக்குத் தறிக்காரர்களின் அகலமான வாய்தான் பழக்கம். மிஸ்ஸின் உதடு அதிகம் அசையாது. ஆனால் அந்த வாயை ஒன்றரை மாதமாகப் பாடம்போலப் படித்தவள் நான். அப்பா திணறுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மிஸ் சொல்வதைப் பார்த்து, அப்பா பக்கம் திரும்பி, வீட்டில் பேசுவதுபோல் சத்தமில்லாமல் வாயை அகலத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன்.

அங்கே நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பொண்ணு நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அப்பா கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த நினைப்பு வரவும் வந்தது. ஆனால் அப்பா என் உதட்டையே அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் திமிராக இருக்கிறேன், வகுப்பைக் கெடுக்கிறேன், பெரியவர்களைக் கிண்டல் செய்கிறேன், இன்னொரு புகார் வந்தால் தலைமை ஆசிரியை டிசி கொடுத்துவிடுவார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் ஒரு சொல்லை விடவில்லை.

அப்பா பதிலுக்கு உதட்டை அசைத்தார். நான் மிஸ்ஸிடம் திரும்பி அதைச் சத்தமாகச் சொன்னேன். "வீட்ல அவ அப்படி இல்லீங்கன்னு சொல்றாரு மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டார். சிவப்பு அட்டையும் அதற்கு மேலே இரண்டு கண்களும்தான் எனக்குத் தெரிந்தன. ஏதோ பேசுகிறார் என்பது கண்ணில் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. மழைதான் கேட்டது. பதிவேட்டை இறக்கினார்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

தடை செய்யப்பட்ட வாக்கியம்தான் எனக்குத் தெரிந்த ஒரே பதில். "ஐ பெக் யுவர் பார்டன், மிஸ். ப்ளீஸ் சே இட் அகெய்ன்."

அவர் குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னார். "உனக்கு காது கேக்கலியாம்மான்னு கேட்டேன்."

நான் அப்பாவுக்கு அதை உதட்டால் சொன்னேன். "வீட்ல நல்லா கேக்குதே டீச்சரம்மா, நாங்க கூப்ட்டா உடனே வருவாளே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். தறிச் சத்தம் தன் காதிலிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது என்று அவர் கடைசி வரை நம்பினார். எந்த டாக்டர் சொல்லியும் அதை மாற்ற முடியவில்லை.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் இரண்டு காதையும் சுத்தம் செய்து, சொட்டு மருந்து கொடுத்து, எண்ணெயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். இடது காதில் சவ்வு ஓட்டை, அது கேட்காது. வலது காது தேறும். சில நாட்களில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் காக்காய் நடக்கிற சத்தம் கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டு அது என்ன என்று கேட்டேன்.

மிஸ் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கிற வழக்கம் இல்லை. சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு, "வேற என்ன வாக்கியம் வேணும் உனக்கு? தமிழ்ல சொல்லு, நான் எழுதித் தர்றேன்" என்றார்.

யோசித்துச் சொன்னேன். "எங்களப் பாத்து, கொஞ்சம் சத்தமா பேசுங்க மிஸ். ஆனா பெரியவங்ககிட்ட அத சொன்னா தப்பா நெனப்பாங்களே."

"ப்ளீஸ் போட்டுட்டா தப்பே இல்ல" என்று காலண்டர் தாளின் அடியில் சிவப்பு மையில் புதிதாக எழுதினார். "ப்ளீஸ் ஃபேஸ் அஸ் அண்ட் ஸ்பீக் எ லிட்டில் லவுடர்." சீட்டே இல்லாமல் அந்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்தேன்.

அரைப் பரீட்சைக்கு முன்னால் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லா வகுப்புகளையும் ஷீட் போட்ட பெரிய கூடத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். அவர் மேடை ஏறியதும் மழை கொட்டியது. கரண்டும் போயிற்று. மைக் செத்துவிட்டது. அவர் கையில் இருந்த தாளைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார். நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பெண்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற டீச்சர்களும் தலையாட்டினார்கள். தலைமை ஆசிரியை சிரித்த முகத்தோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஒருவருக்கும் ஒரு சொல்லும் விழவில்லை.

நான் எழுந்து நின்றேன். தோழி பாவாடையைப் பிடித்து இழுத்தாள். தலைமை ஆசிரியை உட்கார் என்று கையைக் காட்டினார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் உதடு ஒரு சொல்லுக்கு அசைந்தது. "ப்ளீஸ்." மறந்துவிடாதே என்கிறார்.

கத்துவது எங்கள் வீட்டுச் சொத்து. முழுத் தொண்டையில் சொன்னேன். "எக்ஸ்கியூஸ் மி, சார். ப்ளீஸ் ஃபேஸ் அஸ் அண்ட் ஸ்பீக் எ லிட்டில் லவுடர்."

அதிகாரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேடையைவிட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, எங்களுக்கு மத்தியில் வந்து நின்றார். "எங்கேர்ந்து கேக்கல?" என்று தமிழில் கேட்டார்.

"மொதல்லேர்ந்து, சார்."

அவரே சிரித்துவிட்டார். முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். அப்போது என் தோழி எழுந்தாள். அவளுடைய அந்த வார வாக்கியம் அவளுக்குக் கைகொடுத்தது. "வாட் டஸ் ஆப்பர்ச்சூனிட்டி மீன், சார்?" அவர் விளக்கினார். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து அதற்கு எழுத்து கேட்டாள். இன்னொருத்தி அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். எங்கள் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன் சீட்டோடு எழுந்தார்கள். கடைசியாக ஒரு குட்டிப் பெண் "மே ஐ கோ அவுட், சார்" என்று கேட்க, கூடமே மழையை மீறிச் சிரித்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது.

போகும்போது அவர் தலைமை ஆசிரியையிடம் சொன்னதை என் தோழி கேட்டுவந்து சொன்னாள். "எத்தனையோ ஸ்கூல்ல பேசிட்டேன். இன்னைக்குத்தான் நான் பேசினத யாரோ கேட்டிருக்காங்க."

அடுத்த நாள் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். நான் உயரமாக இருப்பதால் பலகை மறைகிறது என்று பின்னால் இருந்தவர்கள் புகார் சொன்னார்கள். "நீங்க தள்ளி உக்காருங்க, அவ அங்கதான் இருப்பா" என்றார் மிஸ். ஊதுபத்திப் பேச்சை அம்மா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்த வருட ஆண்டு விழாவில் இங்கிலீஷில் முதலாவதாக வந்தவளுக்குப் பரிசு என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். அப்பா கூட்டத்தின் கடைசியில், எனக்கு உதட்டால் சொல்லத் தயாராக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தேவைப்படவில்லை. என் பெயரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். நான் எழுந்து மேடைக்குப் போனேன்.